வேலனும் வெள்ளூசியும்

(புதுக்கோட்டை வரலாற்றுத் தொடர் – பகுதி 14)

பங்குனி பிறந்துவிட்டால் நார்த்தாமலைக்குப் போகும் சாலை மஞ்சளாகிவிடும். மஞ்சள் சேலை, மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலைக் கொத்து, தலையில் பால்குடம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற வழியில் சுமார் 17 கிலோமீட்டர். சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து நடந்தே வருகிறவர்கள் உண்டு. எல்லோரும் முத்துமாரியைப் பார்க்க வருகிறார்கள். அம்மை கண்டு தேறிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேர்த்திக்கடன் செலுத்த நிற்கிற தாய்மார்களை அந்தக் கூட்டத்தில் எப்போதும் பார்க்கலாம்.

கோயிலைச் சுற்றி மொட்டைப் பாறைக் குன்றுகள். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை என்று மொத்தம் ஒன்பது. இவை எப்படி வந்தன என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். இலங்கைப் போரில் விழுந்து கிடந்த இலக்குவனை எழுப்ப அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தாரே, அப்போது வழியில் சிந்திய துண்டுகள்தான் இவை. அதனால்தான் வேறெங்கும் கிடைக்காத மூலிகையெல்லாம் இங்கே கிடைக்கிறது என்பார்கள்.

இந்தக் கதையில் ஒன்றை நாம் கவனிக்காமலே கடந்துவிடுகிறோம். இராமன் அவதாரம். ஆனாலும் தம்பி எழுந்திருக்க அவன் தொட்டது போதவில்லை. மூலிகை வேண்டியிருந்தது. அந்த மூலிகை எங்கே இருக்கிறது என்று சொல்ல விவரம் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. கம்பன் அந்த வேலையைச் சாம்பவானிடம் கொடுத்தான். அந்தப் பகுதிக்கு மருத்துமலைப் படலம் என்றே பெயர். கடவுள் கதைக்குள்ளேயே மருந்துக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நார்த்தாமலையில் அடிவாரத்தில் மாரி, மேலே மூலிகை. நோய் வந்தபோது பழைய உலகம் எந்தப் பக்கம் ஓடியது என்ற கேள்விக்கு இந்த மலையே பாதி பதில் சொல்லிவிடுகிறது. மீதிப் பாதியைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

*

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. எனக்கு எட்டு வயதில் சின்னம்மை போட்டது. உடம்பில் முதல் முத்தைப் பார்த்ததும் அப்பத்தா வாசல் நிலையில் வேப்பிலை செருகினாள். அதைப் பார்த்ததும் தெருவில் ஒருவரும் வீட்டுக்குள் வரவில்லை. கடைத்தெருவுக்குப் போய்வந்த அய்யாவும் கை கால் கழுவிக்கொண்டு திண்ணையோடு நின்றுவிட்டார். அடுப்படியில் தாளிப்புச் சத்தம் நின்றுபோனது. எனக்கு இளநீர், நீராகாரம், நுங்கு. அரிப்பெடுத்தால் நகம் வைக்கக் கூடாது, வேப்பங்கொழுந்தால் நீவிவிடுவாள்.

“ஆத்தா வந்து விளையாடுறாய்யா. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் வெளிய எட்டிப் பாக்கப்படாது. அவ எறங்கிப் போகணும்ல.”

மாமா ஒருநாள் மருந்துக் கடையிலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு லோஷன் பாட்டில் வாங்கிவந்தார். அப்பத்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி, முத்துமாரி படத்துக்கு முன்னால் வைத்து, மூடியில் ஒரு குங்குமப் பொட்டு இட்டு, கும்பிட்டாள். பிறகு எடுத்துவந்து என் முதுகில் பூசினாள். 

அந்த அறையில் எது வழிபாடு, எது வைத்தியம் என்று எனக்கு இன்றைக்கும் பிரிக்கத் தெரியவில்லை. நோயாளியைத் தனியே வைத்ததும், வெளியாளை விடாததும், உடம்பைக் குளிர்ச்சியாக வைத்ததும், சொறியவிடாமல் பார்த்துக்கொண்டதும் எந்த மருத்துவரும் சொல்லக்கூடிய புத்திமதிகள். ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு. ஆத்தா வந்திருக்கிறாள், மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பண்டைய உலகத்தின் மருத்துவத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்கவில்லை.

*

இனி இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போவோம். சங்கப் பாடல்களில் ஒரு பெண் இளைக்கிறாள். வளை கழல்கிறது, நெற்றி பசக்கிறது, சோறு இறங்கவில்லை. தாய் பயந்துபோய்க் கட்டுவிச்சியை அழைக்கிறாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிப் பார்த்துக் குறி சொல்கிறாள். வேலன் வருகிறான், கழங்கு போட்டுப் பார்க்கிறான். முடிவு முன்பே தெரிந்ததுதான்: முருகு அணங்கியிருக்கிறது. இரவில் களம் அமைத்து, செந்நெல் பொரி தூவி, ஆட்டுக்குட்டியை அறுத்து, வேலேந்தி அவன் ஆடுகிறான். இதற்கு வெறியாட்டு என்று பெயர். ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்காகவே பத்துப் பாடல்கள் பாடியிருக்கிறார். வெறிப்பத்து என்று அதற்குப் பெயர். வெறியாட்டைப் பாடியதாலேயே வெறிபாடிய காமக்கண்ணியார் என்று ஒரு புலவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

பெண்ணுக்கு வந்திருப்பது காதல். தாய்க்குத் தெரியாது, வேலனுக்குத் தெரியாது. தோழிக்குத் தெரியும்.

நற்றிணையின் 34-ஆம் பாடலில் தோழி முருகனையே நேரில் நிறுத்திக் கேட்கிறாள். இது உன்னால் வந்த நோய் இல்லை என்று உனக்கே தெரியும். தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று மாலையைச் சூடிக்கொண்டு வந்து நிற்கிறாயே, கடவுளே ஆனாலும் நீ அறியாதவன்தான் என்கிறாள். குறுந்தொகையின் 362-ஆம் பாடலில் வேலனிடம் கேள்வி. பலியைக் கொடுத்து இவள் நெற்றியைத் தடவுகிறாய், சரி. இவள் நோய்க்குக் காரணமான மலைநாட்டானின் மார்பும் அந்தப் பலியைத் தின்னுமா?

மருந்து வேண்டுமென்றால் முதலில் காரணத்தைச் சொல், காரணத்துக்கும் உன் சிகிச்சைக்கும் என்ன தொடர்பு என்று சொல் என்பதுதானே இந்தக் கேள்வி? இது அகத்திணைத் துறை, கற்பனை நாடகம், நோயாளியின் குறிப்பேடு இல்லை என்பதை மறக்காமல்தான் சொல்கிறேன். நாடகமாகவே இருந்தாலும், அதைக் கேட்டவர்கள் தோழியின் பக்கம் நின்று ரசித்தார்கள். அப்படியொரு கேள்வி அந்தச் சமூகத்துக்கு விளங்காத ஒன்றாக இருந்திருந்தால் பாடலே நின்றிருக்காது.

காமக்கண்ணியார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அகநானூறு 22-ஆம் பாடலில் வெறியாட்டு நடக்கிறது. அதே இரவில் காவலுக்குத் தப்பிக் காதலன் வந்து சேர்கிறான். பெண்ணின் மேனி மீண்டும் தளிர்க்கிறது. வேலனுக்குத்தான் புகழ். அவளோ உள்ளுக்குள் சிரிக்கிறாள். 98-ஆம் பாடலில் அவளுடைய அச்சம் நுட்பமானது. வெறியாடியும் நோய் தீராவிட்டால் ஊர் பழி பேசும். தற்செயலாகத் தீர்ந்துவிட்டாலோ, தன்னால் வந்த நோய் வேறொருவன் ஆடித் தீர்ந்தது என்று காதலன் நினைத்துவிடுவான்; அதற்கப்புறம் வாழ்வதெப்படி?

தமிழில் ‘பின்’ என்றொரு சொல் இருக்கிறது, ‘ஆல்’ என்றொரு உருபு இருக்கிறது. வெறியாடிய பின் நோய் தீர்ந்தது என்பது நடந்த செய்தி. வெறியாடியதால் நோய் தீர்ந்தது என்பது ஒரு முடிவு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நேராகத் தாவக் கூடாது என்பதுதான் மருத்துவ அறிவின் முதல் பாடம். அந்தப் பாடத்தை அகநானூறு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்ணின் சிரிப்பாகவும் அச்சமாகவும் சொல்லிவிட்டது. இதைக் காதல் சுவைக்காக மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோமே என்று எனக்கு வருத்தம் உண்டு.

*

காதல் நோய்க்குக் கேள்வி கேட்டவர்கள், வாள் வெட்டுக்கு என்ன செய்தார்கள்?

புறநானூற்றின் 281-ஆம் பாடல் அரிசில்கிழார் பாடியது. அரசனுக்காகப் புண்பட்டு வந்து கிடக்கிறான் ஒரு வீரன். மனைவி தோழியை அழைக்கிறாள், காப்போம் வா என்று. வீட்டு இறவாரத்தில் இரவ மரத் தழையும் வேப்பிலையும் செருகுகிறார்கள். யாழும் மற்ற வாத்தியங்களும் ஒலிக்கின்றன. மையை இழுகுகிறார்கள், வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள், ஆம்பல் குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள். மனை முழுக்க நறும்புகை. புண்பட்டவனைப் பேய் அண்டும் என்பது நம்பிக்கை. இத்தனையும் அதைத் தடுக்க.

வேம்பும் கடுகும் புகையும் கிருமியைக் கொல்லத்தான் என்று இப்போது பலர் மேடையில் பேசுகிறார்கள். வேம்புக்கு அந்தக் குணம் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கிருமி தெரியாது. அவளுக்குப் பேய் தெரியும். அவள் மனதில் இல்லாததை அவள் வாயில் வைத்துப் பேசுவது அவளுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. கணவன் உறங்க வேண்டும், பயப்படக் கூடாது, தனியாக இருக்கிறோம் என்று நினைக்கக் கூடாது. இதற்காக இரவு முழுக்க விழித்திருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அதே காலத்து இன்னொரு காட்சி பதிற்றுப்பத்தில் இருக்கிறது. 42-ஆம் பாடல், பரணர் பாடியது, சேரன் செங்குட்டுவனைப் பற்றியது. வெட்டுப்பட்ட மார்பை ஊசியால் தைக்கிறார்கள். நீளமான வெள்ளை ஊசி. அது சதைக்குள் இறங்கி ஏறுவதைப் பரணர் எதனோடு ஒப்பிடுகிறார் தெரியுமா? குளிர்ந்த குளத்துக்குள் பாய்ந்து மேலே எழும் மீன்கொத்தியோடு. அதைச் சிரல் என்பார்கள். நம் ஊர்க் கண்மாய்க் கரையில் கருவேல மரக் கிளையில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தலை குப்புற ஒரே பாய்ச்சல். தண்ணீர் கலைவதற்குள் மேலே வந்துவிடும். தையல் போடும் கையும் அப்படித்தான் இருக்க வேண்டும். தயங்கினால் வலி கூடும். இதை எழுதியவர் தையலைக் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறார். புண்ணின் மேல் பஞ்சு வைத்துக் கட்டியதையும் புறநானூறு வேறோரிடத்தில் சொல்கிறது.

ஊசி பிடித்த அந்த மருத்துவனின் பெயரைப் பரணர் சொல்லவில்லை. அவன் வீட்டிலும் வேப்பிலை செருகியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் ஊசியைக் கையிலெடுத்த நேரத்தில் அவன் கண் புண்ணின் மேல் இருந்தது. 

*

தமிழ்நாட்டில் மட்டும் இப்படி இருந்ததா என்றால் இல்லை. எகிப்தில் கி.மு. 1600 வாக்கில் படியெடுக்கப்பட்ட ஒரு பாப்பிரஸ் சுருள் இருக்கிறது. அதை 1862-இல் லக்சாரில் விலைக்கு வாங்கிய எட்வின் ஸ்மித் என்பவரின் பெயரால் வழங்குகிறார்கள். அதில் 48 காயங்கள், தலையிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் எப்படித் தொட்டுப் பார்ப்பது, என்னவென்று முடிவு செய்வது என்ற விவரம். முடிவு மூன்றில் ஒன்று: இதற்கு வைத்தியம் செய்வேன், இதனோடு போராடிப் பார்ப்பேன், இதற்குச் செய்ய ஒன்றுமில்லை. 48-இல் ஒரே ஓர் இடத்தில்தான் மந்திரம் வருகிறது. ஏறக்குறைய அதே காலத்து ஏபர்ஸ் பாப்பிரஸ் 20 மீட்டர் நீளம். அதில் மருந்தும் மந்திரமும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. வெட்டுக்காயத்துக்குக் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, அங்கே மந்திரம் குறைகிறது. வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை, அங்கே மந்திரம் கூடுகிறது. பரணரின் ஊசியையும் வேலனின் வெறியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே கணக்குதான்.

கிரேக்கத்தில் எபிடாரஸ் என்ற ஊரில் அஸ்கிலேபியஸ் கோயில். நோயாளிகள் அங்கே போய் இரவு படுத்து உறங்குவார்கள். கடவுள் கனவில் வந்து குணப்படுத்துவார் என்பது நம்பிக்கை. குணமானவர்களின் கதைகளைக் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கல்லில் வெட்டி வைத்தார்கள். சுமார் 70 கதைகள் கிடைத்திருக்கின்றன. நம் கோயில்களில் மண்டலம் தங்கி நோய் தீர்த்துக்கொள்கிற வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது.

அதே கிரேக்கத்தில், கி.மு. 400 வாக்கில், ஹிப்பாக்ரடீஸ் மரபைச் சேர்ந்த ஒருவர் வலிப்பு நோயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஊரார் அதைப் புனித நோய் என்று அழைத்தார்கள். தெய்வம் பிடித்து உலுக்குவதாக நம்பினார்கள். இது மற்ற நோய்களைவிடப் புனிதமானதல்ல, மூளையில் உண்டாவது, இதற்கும் காரணம் உண்டு என்று அவர் வாதிட்டார். ஆடுகளுக்கும் இந்த நோய் வருகிறதே, அதன் தலையைத் திறந்து பாருங்கள், மூளை நீர் கோத்து நாற்றமெடுத்திருக்கும், தெய்வமா அதைச் செய்தது என்று கேட்டார். மூளை என்று அவர் சொன்னது சரி. சளி போய் இரத்தக் குழாய்களை அடைப்பதால் வலிப்பு வருகிறது என்று சொன்ன விளக்கம் முழுத் தவறு.

பகுத்தறிந்து சொன்னதாலேயே ஒன்று சரியாகிவிடாது. ஆனால் சளி அடைக்கிறது என்று சொன்னவரை அடுத்த தலைமுறையில் ஒருவர் தலையைத் திறந்து பார்த்து மறுக்க முடியும். தெய்வம் பிடித்தது என்பதை எதைத் திறந்து பார்த்து மறுப்பது? இரண்டு வழிக்கும் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் அதர்வ வேதத்தில் காய்ச்சலை விலகிப் போகச் சொல்லும் மந்திரங்கள் உண்டு. சரக சம்ஹிதை இந்தப் பழைய வழியைத் தள்ளவும் இல்லை, அதற்கு முழுவதும் கட்டுப்படவும் இல்லை. சிகிச்சையை மூன்றாகப் பிரித்தது: மந்திரம், மணி, பலி போன்ற தெய்வ வழி, உணவும் மருந்துமான யுக்தி வழி, மனத்தைத் தீயதிலிருந்து மீட்கும் வழி. பிறகு நூலின் பெரும்பகுதியில் இரண்டாவதைப் பற்றியே பேசியது. என் அப்பத்தா லோஷன் பாட்டிலுக்குப் பொட்டு வைத்தாளே, அவள் சரகர் கட்சி.

வள்ளுவர் இன்னும் கறார். மருந்து அதிகாரத்தின் பத்துக் குறளிலும் சாமி இல்லை, மந்திரம் இல்லை, பேய் இல்லை. வாதம் முதலான மூன்றும் கூடினாலும் குறைந்தாலும் நோய் என்று நூலோர் கணக்கைச் சொல்லித் தொடங்குகிறார். அடுத்த ஆறு குறளும் சோற்றைப் பற்றியவை: முன்பு உண்டது செரித்ததா, பசித்ததா, அளவோடு உண்டாயா. கடைசி மூன்றுதான் மருத்துவனுக்கு. நோயையும் அதன் காரணத்தையும் கண்டுபிடிக்கச் சொல்கிறார். ஆளையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணச் சொல்கிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவன் என்று நான்கையும் எண்ணி முடிக்கிறார். சரகர் சொல்லும் நான்கு பாதங்களும் இவையே. கடவுள் வாழ்த்தோடு நூலைத் தொடங்கியவர்தான் இதையும் எழுதினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

சென்ற வாரம் சித்தன்னவாசல் குன்றில் ஏறி ஏழடிப்பட்டத்தில் நின்றோம். 17 கற்படுக்கைகள். அவற்றில் ஒன்றின் ஓரத்தில், எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதேன் என்பவருக்குச் சிறுபொசில் இளையர் செய்துகொடுத்த இருக்கை என்று தமிழ் பிராமியில் எழுத்து. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. இவை நோயாளிகள் படுத்த படுக்கைகள், சமணர் நடத்திய ஆஸ்பத்திரி என்று சுற்றுலா வருகிறவர்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்குச் சான்று இல்லை. இவை துறவிகள் தங்கிய, தவமிருந்த, சிலர் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடங்கள்.

அந்த உண்ணாநோன்பைச் சல்லேகனை என்பார்கள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மேற்கொள்ளலாம் என்று சமணம் விடவில்லை. சமந்தபத்திரர் எழுதியதும், தமிழில் அருங்கலச்செப்பு என்ற பெயரில் வந்ததுமான இல்லற நூல் மரபு அதற்கான சூழல்களை வரையறுக்கிறது: தப்ப முடியாத இடையூறு, பஞ்சம், முதுமை, தீர்வில்லாத நோய். நோய் தீர்வில்லாதது என்று முடிவு செய்ய ஒருவருக்கு நோயைத் தெரிந்திருக்க வேண்டும். எகிப்துச் சுருளின் மூன்றாவது தீர்ப்பும், நம் வைத்தியர்கள் சாத்தியம், அசாத்தியம் என்று நாடி பார்த்துச் சொல்வதும் இதே இடத்தில் வந்து நிற்கின்றன. மிக ஆழ்ந்த சமயச் செயல் ஒன்றின் வாசலில், மருத்துவ அறிவு காவல் நிற்கிறது.

சமணர்கள் மருந்தை ஒதுக்கியவர்களும் இல்லை. அவர்கள் சொன்ன நான்கு தானங்கள் உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி. தமிழில் அறநூல் எழுதவந்த சமணர் அதற்கு மருந்துப் பெயரையே வைத்தார்கள். காரியாசானின் சிறுபஞ்சமூலம் என்பது கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர். கணிமேதாவியாரின் ஏலாதி ஏலக்காயில் தொடங்கும் ஆறு சரக்குகள் சேர்ந்த சூரணம். அன்னவாசல் பக்கத்து மேட்டுக்காட்டில் செருப்பில்லாமல் நடந்தால் நெருஞ்சி உங்களை விடாது. கண்டங்கத்திரி ஊதாப் பூவோடு தரையில் படர்ந்து கிடக்கும். அந்தப் பெயர்களை வாசகர்களுக்கு விளக்க அன்றைக்கு உரையாசிரியர் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

*

7-ஆம் நூற்றாண்டில் நோய் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. எந்தச் சமயம் உண்மை என்பதற்கு அது சாட்சியாக நிறுத்தப்பட்டது.

அந்தக் கதையின் நடுவே நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். குலச்சிறை நாயனார், கடலோர மணமேல்குடியில் பிறந்தவர், பாண்டியன் நெடுமாறனின் அமைச்சர். அரசியார் மங்கையர்க்கரசியும் அவரும் சேர்ந்து சம்பந்தரை மதுரைக்கு அழைக்கிறார்கள். அரசனுக்குச் சுரம் கண்டபோது இடப்பாகத்தைச் சமணர் மயிற்பீலியால் தடவி மந்திரம் சொல்கிறார்கள், கொதிப்பு ஏறுகிறது. வலப்பாகத்தில் சம்பந்தர் திருநீற்றைப் பூசிப் பதிகம் பாடுகிறார், குளிர்கிறது. திருவதிகையில் அப்பருக்குச் சூலை தீர்ந்ததும், கொள்ளிடக் கரைத் திருவாசியில் கொல்லி மழவனின் மகளுக்கு முயலகன் நோய் தீர்ந்ததும் இதே வரிசை. முயலகனை வலிப்பு என்றே பலரும் கொள்கிறார்கள். கிரேக்கர் புனித நோய் என்றது எதுவோ அதுவே இங்கும் தெய்வத்தின் சன்னிதிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பதிகங்களின் உருக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஓர் இளம்பெண் தரையில் விழுந்து துடிக்கும்போது, இவளை இப்படி வருத்துவது உனக்குத் தகுமா என்று இறைவனையே கேட்கிற குரல் அது. மதுரைக் கதையை முழுதாகச் சொல்பவர் சேக்கிழார். அவர் 12-ஆம் நூற்றாண்டுக்காரர். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 500 ஆண்டு பின்னால் வந்தவர், வென்ற பக்கத்தில் நின்றவர். அந்தக் கதையில் சமணரும் மந்திரம் சொல்கிறார்கள், சைவரும் மந்திரம் சொல்கிறார்கள். மருத்துவர்கள் முயன்றும் பலனில்லை என்பதோடு அவர்கள் பங்கு முடிந்துவிடுகிறது. வரலாற்றுக்காரனாக எனக்கு உறுத்துவது அதுதான்.

ஏனென்றால், அடுத்த நூற்றாண்டுப் பாண்டிய நாட்டில் மருத்துவர்களுக்குச் செல்வாக்கு இருந்தது. மதுரைக்குப் பக்கத்தில் ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கல்வெட்டு கி.பி. 770-ஐச் சேர்ந்தது. அந்தக் கோயிலைக் குடைவித்தவன் மாறன்காரி, பாண்டியனின் அமைச்சன். அவனைக் கல்வெட்டு வைத்தியன் என்றே சொல்கிறது. கரவந்தபுரத்து வைத்திய குலம். வைத்தியக் குடும்பத்திலிருந்து நாட்டின் அமைச்சராக உயர முடிந்திருக்கிறது. அவன் சம்பாதித்ததை மலையைக் குடைந்து பெருமாளுக்குக் கோயில் எடுக்கச் செலவிட்டிருக்கிறான். நாடி பிடித்த கையும் கும்பிட்ட கையும் ஒன்றுதான். 

சமணரும் மதுரைக் கதையோடு முடிந்துபோகவில்லை. 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் சித்தன்னவாசல் அறிவர் கோயிலைப் புதுப்பித்தான். தாமரைக் குளம் வரைந்த விதானத்தை நாம் பார்ப்பது அவனால்தான். ஏறக்குறைய அதே காலத்தில் வடக்கே இராட்டிரகூட நாட்டில் உக்கிராதித்தர் என்ற சமணத் துறவி, கள்ளும் ஊனும் தேனும் சேராத மருந்துகளை மட்டும் கொண்டு கல்யாணகாரகம் என்ற பெரிய மருத்துவ நூலை எழுதினார். சமய விதி மருத்துவத்தை நெருக்கியது. மருத்துவம் அந்த நெருக்கத்துக்குள்ளேயே புது வழி தேடிக்கொண்டது.

*

அம்மைக்குத் திரும்பிவிடுகிறேன். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 1980 மே மாதம் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. மாரிக்கு நேர்ந்துகொண்டு தடுப்பூசியை மறுத்த வீடுகளில் பிள்ளைகள் செத்ததும் பார்வை போனதும் உண்டு. கும்பிட்டதால் உயிரும் பார்வையும் போகவில்லை, ஊசியை வேண்டாம் என்றதால் போயின. அந்த ‘ஆல்’ உருபைச் சரியான இடத்தில் போட வேண்டியது வரலாறு எழுதுகிறவனின் கடமை.

அடுத்த வாரம் மாவட்டத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போகிறோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தில், பெருமாள் கோயிலுக்குள்ளேயே 15 நோயாளிகள் படுக்கிற ஆதுலர் சாலை நடந்தது. அதன் கல்வெட்டை வரிவரியாகப் படிப்போம். ஆலப்பாக்கத்து மருத்துவன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன், சத்திர வைத்தியம் செய்பவன், மருந்து பறித்துவர இரண்டு ஆட்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், நாவிதன், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள், இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் செலவு எழுதியிருக்கிறார்கள். கோயிலுக்குள் இருந்த அந்த மருத்துவமனையின் சம்பளப் பட்டியலில் மந்திரிப்பவன் ஒருவன்கூட இல்லை.

(தொடரும்)